பெல்ட் போட்டிருக்கியா?

என் வயிற்றில் மலம் சேர்கிற பை இருப்பது தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரும் "சாப்பிட்டியா"வுக்கு முன்னாலேயே "பெல்ட் போட்டிருக்கியா?" என்று கேட்டுவிடுகிறார்கள். நாத்தனார் போனிலேயே கேட்பார். பக்கத்து வீட்டு அக்கா வாய் திறக்காமல் என் இடுப்பைப் பார்த்தே கேட்பார். சர்ஜிக்கல் கடைக்காரருக்கு இன்னும் வசதி. நான் பை வாங்கப் போனால் ஒரு பெல்ட் பெட்டியை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். எதிர்க்கட்சியும் உண்டு. வார்டில் எனக்கு முன்னால் ஆபரேஷன் ஆகியிருந்த ஒரு பெரியம்மா, "அதை மட்டும் கட்டாதே சாமி, ஒட்டுனதெல்லாம் பிச்சுக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இரண்டு பக்கமும் சத்தியம் செய்யாத குறைதான். எந்த பெல்ட், எந்த வேலைக்கு, எத்தனை நேரம் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

நோயைப் பற்றி நீட்டப்போவதில்லை. மலக்குடலில் கட்டி, கீழ்வாசல் வரைக்கும் எடுக்க வேண்டியதாயிற்று. பெருங்குடலின் முனையை இடது பக்க வயிற்றில் வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பேர். கொலஸ்டமி, திரும்ப உள்ளே வைக்கிற வகை இல்லை, ஆயுளுக்கும் இதுதான். அதைச் சுற்றித் தோலில், நடுவில் ஓட்டை வைத்த ஒரு பிளேட் ஒட்டி, பிளேட்டில் பை மாட்டிக்கொள்கிறேன். நான் சேலம் அம்மாபேட்டையில் துணி தைக்கிறவள். ரவிக்கையும் உள்பாவாடையும்தான் என் சோறு. அடுத்தவர் இடுப்பில் இஞ்ச் டேப் வைத்தே இத்தனை வருஷம் ஓட்டியவளுக்கு, தன் இடுப்பில் ஒரு பட்டை கட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தெரியவில்லை என்றால் அது ஒரு தொழில் அவமானம் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஸ்டோமாவைக் கவனிக்கிற சிஸ்டர் வந்து என்னை உட்கார வைத்து, நிற்க வைத்து, படுக்க வைத்து, குனிய வைத்துப் பார்த்தார். எப்போதும் கட்டுகிற மாதிரியே சேலை கட்டச் சொன்னார். பாவாடை நாடா விழுகிற இடம், உட்கார்ந்தால் வயிறு மடிகிற இடம் இரண்டையும் விட்டு, நடு வயிற்றில் மேலிருந்து கீழாக இறங்கும் தசைக்கு மேலே, நானே குனிந்து பார்த்தால் தெரிகிற இடமாகத் தேடிப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். இந்தப் புள்ளி எவ்வளவு பெரிய உபகாரம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சேலை கட்டுகிற பெண்கள் எல்லோரும் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்தே ஒரு பெல்ட் போட்டவர்கள்தான். நாடாவை இறுக்கி இறுக்கி இடுப்பில் கறுப்புத் தடம் விழுந்திருக்கும். அளவெடுக்கும்போது நான் பார்க்காத இடுப்பா? அந்தத் தடத்துக்குக் கீழே ஸ்டோமா. ஆக, கடையில் விற்கிற எந்த பெல்ட்டும் எனக்கு நாடாவுக்குக் கீழே, இடுப்பு அகலமாகிற சரிவில்தான் வந்து உட்கார வேண்டும். அகலமான இடத்தில் எலாஸ்டிக் வைத்தால் அது நடக்க நடக்கக் குறுகலான இடத்துக்கு ஏறிவிடும். தையல் பழகுகிற பெண்ணுக்கே இது தெரியும். என்னிடம் பெல்ட் போடச் சொன்ன யாருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும் உடனே தோன்றவில்லை.

ஒரே பேர், ரெண்டு சாமான்

கடையில் இரண்டு பொருளுக்கும் பெல்ட் என்றே பேர். ஒன்று, ஒரு விரல் அகல எலாஸ்டிக். இரண்டு முனையிலும் கொக்கி. பிளேட்டிலோ பையிலோ இரண்டு பக்கமும் காது மாதிரி இருக்கும் வளையங்களில் அதை மாட்டி இடுப்பைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். அதன் வேலை பிளேட்டைத் தோலோடு சேர்த்துப் பிடிப்பது, அவ்வளவுதான். ஸ்டோமா தோலுக்குள் அமுங்கி இருப்பவர்களுக்கும், அதற்காக உட்பக்கம் குவிந்த பிளேட் போடுகிறவர்களுக்கும், வயிற்றில் மடிப்பும் பள்ளமும் இருப்பவர்களுக்கும் அது உண்மையிலேயே உதவும். இன்னொன்று ஒரு சாண் அகலப் பட்டை, வெல்க்ரோ ஒட்டுவது, சிலதில் பை வெளியே வர ஓட்டை இருக்கும், சிலதில் இருக்காது. அதன் வேலை வயிற்றுச் சுவரைத் தாங்குவது. முதலாவது ஹெர்னியாவை, அதாவது குடல் பிதுங்குவதை, தடுக்காது. இரண்டாவது கசிவை நிறுத்தாது. சரியாக உட்காராவிட்டால் கசிவை அதுவே உண்டாக்கும். என் நாத்தனார் சொன்னது அகலமானதை. பெரியம்மா பயந்ததும் அகலமானதையே. கடைக்காரர் இரண்டையும் விற்றார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒட்டுகிற பை வருவதற்கு முன்னால் பெரும்பாலும் பெல்ட்தான். ரப்பர் பை, அதற்கு ஒரு வளையம், அதை வயிற்றோடு அழுத்திப் பிடிக்க ஒரு பட்டை. நாற்றம், கசிவு, புண். 1954இல் டென்மார்க்கில் எலிஸே சோரன்சென் என்ற செவிலியர், ஸ்டோமா வைத்த தன் தங்கை தோரா வெளியே போகவே அஞ்சுவதைப் பார்த்து, தோலிலேயே ஒட்டிக்கொள்கிற பையை யோசித்தார். அந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் 1957இல் தொடங்கிய கோலோபிளாஸ்ட் நிறுவனம். பட்டையிலிருந்து விடுதலை பெறுவதற்காகப் பசை வந்தது. எழுபது வருஷம் கழித்து, பசை நன்றாகவே ஒட்டிக்கொண்டிருக்கும்போது, அதன்மேல் மறுபடியும் பட்டையைக் கட்டச் சொல்கிறார்கள்.

நாத்தனாரின் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. ஸ்டோமா வெளியே வர வேண்டுமென்றால் வயிற்றுத் தசையில் ஒரு வழி வெட்டித்தான் ஆக வேண்டும். அந்த வழி இருமலிலும் முக்கலிலும் சுமையிலும் விரிந்து, பக்கத்தில் இருக்கும் குடலும் அதற்குள் தள்ளிக்கொண்டு வரலாம். ஸ்டோமாவைச் சுற்றி வரும் இந்த ஹெர்னியா அபூர்வமான விஷயமே இல்லை. வயது, உடல் எடை, விடாத இருமல் எல்லாம் அதைக் கூட்டும். நம் வீட்டு வேலையைப் பாருங்கள். ஒரு குடம் தண்ணீர் சுமார் பதினைந்து கிலோ. அதை வைப்பதோ இடது இடுப்பில், சரியாகப் பைக்குப் பக்கத்தில். நிறைந்த சிலிண்டர் இரும்போடு சேர்த்து முப்பது கிலோவை நெருங்கும். அம்மாபேட்டையில் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் "எனக்கு டாக்டர் தூக்கக் கூடாதுன்னார்" என்று நின்றால் தண்ணீர் காத்திருக்குமா? அதனால் தாங்குகிற பட்டை என்றொன்று வேண்டும் என்பது நியாயமே. ஆனால் பட்டை கட்டினால் ஹெர்னியா வராது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு உறுதியான சான்று கிடையாது. தூக்காமல் இருப்பதும், இருமும்போது ஸ்டோமாவைக் கையால் அழுத்திக்கொள்வதும், படுக்கையிலிருந்து ஒருக்களித்து எழுவதும், வயிற்றுத் தசைக்குச் சொல்லித்தரும் லேசான பயிற்சியும் பட்டைக்கு முன்னால் வர வேண்டியவை. இவற்றைக் கடையில் விற்க முடியாது, அதனால் யாரும் மேசைமேல் எடுத்து வைப்பதில்லை.

பிளேட்டின் பின்பக்கம்

கத்திரி வெயில் நேரம். சேலத்து வெயிலில் எதுவும் கட்டாமல் இருந்தாலே பிளேட் ஓரம் வியர்வையில் ஊறும். நானோ எல்லோர் வாயையும் அடைக்க வேண்டும் என்று அகலப் பட்டையை விடிந்ததிலிருந்து படுக்கிற வரை கட்டிக்கொண்டிருந்தேன். மூன்று நான்கு நாள் தாங்க வேண்டிய பிளேட் மறுநாளே மேல் ஓரத்தில் கிளம்பியது. பையில் விழ வேண்டியது கீழே இறங்காமல் ஸ்டோமாவைச் சுற்றியே அப்பிக்கொண்டு நின்றது. எனக்குக் கட்டியாகவே போகும் என்பதால் இந்தத் தொல்லை அதிகம். அரிப்பு தாங்க முடியாமல் சிஸ்டருக்குப் போன் செய்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "கழற்றுன பிளேட்டைத் தூக்கிப் போடாதீங்கக்கா. பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு வாங்க."

எடுத்துப் போனேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். அங்கேதான் எனக்கு எல்லாம் விளங்கத் தொடங்கியது, ஏனென்றால் நான் தினமும் செய்கிற வேலையை அவர் செய்துகொண்டிருந்தார். பழைய ரவிக்கையை உள்பக்கம் திருப்பினால் எந்தத் தையல் இழுபட்டிருக்கிறது, அவள் எந்தக் கையை அதிகம் தூக்குகிறாள் என்று தெரிந்துவிடும். பிளேட்டும் அப்படித்தான் பேசியது. மேல் பாதியில் ஒட்டுகிற மாவு ஊறி, வெளுத்து, உப்பிக் கரைந்திருந்தது. கீழ்ப் பாதி ஒட்டினபடியே இருந்தது. கசிவு எல்லாப் பக்கமும் என்றால் ஓட்டை அளவு தப்பு, அல்லது தோலில் பிரச்சினை. ஒரே பக்கம் என்றால் அங்கே மடிப்போ பள்ளமோ இருக்கலாம், இல்லை யாரோ இழுக்கிறார்கள். யார்?

பட்டையைக் கட்டச் சொன்னார். வார்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னார். திரும்பி வந்தபோது பட்டையின் கீழ் விளிம்பு, கட்டின இடத்திலிருந்து இரண்டு விரல் மேலே, என் நாடாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டிருந்தது. பிளேட்டையும் கூடவே மேலே நெம்பிக்கொண்டு. எலாஸ்டிக் ஏறும் என்று ஊருக்கே சொல்கிறவள் நான். பிறகு படுக்க வைத்து, ஸ்டோமாவைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு இருமச் சொன்னார். நிற்க வைத்து மறுபடியும் இருமச் சொன்னார். வீக்கம் ஒன்றும் தள்ளவில்லை. "அக்கா, இந்தப் பெல்ட் உங்களுக்கு எதுக்கு? கசிவுக்கா, தாங்கறதுக்கா, இல்ல மத்தவங்களுக்கா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை, படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புகிறவர் போலக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எனக்குக் கசிவு இருந்ததே பட்டையால். ஹெர்னியா இல்லை. மூன்றாவதைத்தான் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது? அவர் காத்திருக்கவும் இல்லை. ஒரு நாளில் நான் செய்கிற வேலையை வரிசையாகச் சொல்லச் சொல்லி, எதிலெல்லாம் எடை இருக்கிறது என்று பிரித்தார். தண்ணீர் பிடிக்கிற நேரம். துணிக்கட்டு வருகிற நாள். ஆடியில் வீடு மெழுகி, சாமான் இறக்கி ஏற்றுகிற வாரம். மெஷினில் குனிந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தை அவர் அடித்துவிட்டார். அப்போது பட்டையின் மேல் விளிம்பு வயிற்று மடிப்பில் சொருகி ஸ்டோமாவைத்தான் அமுக்கும். இரவையும் அடித்துவிட்டார். போடுகிற நேரத்தில் படுத்தபடியே போட வேண்டும், வயிறு தளர்ந்து உள்ளே இருக்கும்போது. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பை நிறைய விட்டுவிட்டுக் கட்டக் கூடாது.

இந்த ஸ்டோமா சிஸ்டர் என்கிற வேலையைத் தொடங்கி வைத்த நார்மா கில் என்ற அமெரிக்கப் பெண்மணியே ஸ்டோமா உள்ளவர்தான் என்று பின்னால் படித்தேன். 1958இல் அவருடைய அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல் அவரையே கிளீவ்லாந்து மருத்துவமனையில் வேலைக்கு வைத்துக்கொண்டாராம். எங்கள் சிஸ்டருக்குப் பை இல்லை. ஆனாலும் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பதை எங்கோ ஒரு பைக்காரர்தான் முதலில் சொல்லியிருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம்.

நாடாவை எடுத்தபின்

பட்டை ஒரு மணி நேரப் பண்டம் என்று ஆனபிறகு மீதி நேரத்துக்கு என்ன என்று யோசித்தேன். அப்போதுதான் உள்பாவாடை மேல் கை வைத்தேன். நாடாவை எடுத்துவிட்டு, மேலே ஒரு சாண் அகலத்துக்குப் பருத்தி ஒட்டுப்பட்டை, இரண்டு மடிப்புத் துணி. வலது பக்கம் திறப்பு, அங்கே மூன்று கொக்கி, கொக்கிக்கு இரண்டு வரிசை வளையம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் மாற்றிக்கொள்ள. இடது பக்கம் பை இருக்கும் இடத்தில் துணியைக் கொஞ்சம் தளர்த்திச் சுருக்கு வைத்து, உள்ளே ஒரு சிறு பை மாதிரி. பை அதில் உட்கார்ந்துகொள்ளும், அதன் எடை பிளேட்டை இழுக்காது, பிளாஸ்டிக் தொடையில் ஒட்டி வியர்க்காது. கொசுவத்தைச் சொருக நாடா இல்லையே என்று பயந்தேன். அகலப் பட்டையிலேயே நன்றாக நின்றது. இது ஹெர்னியாவைத் தாங்காது, யாரும் அப்படி நினைத்துவிடக் கூடாது. ஆனால் "ஏதோ ஒண்ணு பிடிச்சிட்டிருக்கு" என்ற தைரியம் இருக்கிறதே, அதற்கு இது போதும். பெல்ட் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தைரியத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்பது என் கட்சி.

ஓட்டை வைத்த பெல்ட்டையும் தைக்கலாமே என்று கேட்டார்கள். தைக்க மாட்டேன். எலாஸ்டிக்கில் வெட்டிய ஓட்டை போகப் போக அகலும், ஓரம் சுருளும். ஓட்டை இரண்டு நூல் நகர்ந்தாலும் விளிம்பு ஸ்டோமாமேல் ஏறும். ஸ்டோமாவுக்கு வலி நரம்பு கிடையாது. வெட்டுப்பட்டாலும் நமக்குத் தெரியாது, ரத்தம் பார்த்துத்தான் தெரியும். ஓட்டை பெரிதாகிவிட்டாலோ சுற்றிலும் அழுத்தம், நடுவில் காலி. குடல் அந்தக் காலியைத் தேடித்தான் தள்ளும். அதற்கென்று அளவெடுத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அங்கே வாங்குவதே மேல்.

இருபது வளைவு

தங்கை ஏற்காட்டில் வாழ்க்கைப்பட்டவள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மே மாதம் மேலே போயே ஆக வேண்டும். பஸ்ஸில் போகும்போது பெல்ட் கட்டாயம் என்று நாத்தனாரின் சட்டம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் உடம்பு அலைந்து பை கழன்று விழுந்துவிடுமாம். வளைவில் பை கழல்வதில்லை. அங்கே நடப்பது வேறு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டருக்கு மேல். ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், அடைத்து வைத்த காற்று விரியும். அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போவதற்குள் உப்பி நிற்பதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கும். பைக்குள் இருக்கும் காற்றுக்கும் அதே கதைதான். பைக்கு மேலே ஓட்டையில்லாத அகலப் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தால், விரிகிற காற்றுக்குப் பையில் இடமிருக்காது. அது பிளேட்டின் ஓரத்தைத்தான் நெம்பும். அதனால் மலை ஏறும்போது நான் பட்டையே கட்டுவதில்லை. கிளம்புவதற்கு முன்னால் பையைக் காலி செய்து, காற்றை வெளியேற்றி, உள்ளே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்து, பாவாடைப் பட்டையின் தளர்ந்த கொக்கியில் மாட்டிக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிடுவேன். அன்று காலையில் மொச்சையும் கிடையாது, சோடாவும் கிடையாது.

மேலே போனபிறகு அகலப் பட்டையை எடுப்பேன். தங்கை வீட்டுக்குப் படி ஏற வேண்டும், கையில் சாமான் பை இருக்கும், போதாததற்கு அந்தக் குளிரில் எனக்கு இருமல் பிடிக்கும். இருமல்தான் சுமையைவிட மோசம், சொல்லிவிட்டு வராது. அறைக்குள் போய்ப் படுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தால் அந்தக் குளிரில் இரண்டு மூன்று மணி நேரம் ஒரு தொந்தரவும் இல்லை. அம்மாபேட்டையில் ஒரு மணி நேரத்தில் நசநசத்துப் போகிற அதே பட்டை.

போன மாதம் சேலத்திலேயே குகை என்கிற பகுதியிலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். அவர் மனைவி எனக்குப் பழைய வாடிக்கை. தறிக்காரருக்கு இலியாஸ்டமி, சிறுகுடலில் வைத்தது, வலது பக்கம். தண்ணீராகப் போகும், பட்ட இடத்தில் தோலை அரிக்கும், பையை நாளைக்குப் பல தடவை காலி செய்ய வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்தால் நெய்த துணி சுருளும் கட்டை நேராக வயிற்றில் வந்து இடிக்கிறது. "நல்லா கெட்டியா ஒரு பெல்ட் தைச்சுக் குடுங்க அக்கா, இடிச்சாலும் தாங்கற மாதிரி" என்றார். கெட்டியாகக் கட்டினால் கட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் சிக்கி நசுங்கப் போவது ஸ்டோமாதான். அவருக்கு வேண்டியது பெல்ட்டாகவே இல்லாமல் இருக்கலாம். பலகையைப் பின்னால் தள்ளிப் போடுவதோ, கிண்ணம் மாதிரி ஒரு மூடியோ. கசிவு இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். அதை அவர் பார்த்ததில்லை. தறியில் உட்கார்ந்தபடி மனைவியை விட்டு வயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி என்று அளந்து வரச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் சிஸ்டரைப் பார்க்க வேண்டும், போகும்போது கழற்றின பிளேட்டைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போக வேண்டும். அதுவரை அவருக்கு நான் துணி வெட்டப் போவதில்லை.